காலில் படரும் சிலந்தி நாளங்கள்: காரணங்களும் சிகிச்சை முறைகளும்

ஹைதராபாத் நகரின் வடமேற்குப் பகுதியில் ஜீடிமெட்லா என்னும் பெரிய தொழிற்பேட்டை அமைந்துள்ளது. 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐ.டி.பி.எல். என்னும் பொதுத்துறை மருந்து நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை இதற்கு அருகிலுள்ள பாலாநகர் வட்டாரத்தில் இயங்கியது. அதனையொட்டி இப்பகுதியில் மருந்துத் தொழில் வேரூன்றிப் பெருகிற்று. மூல மருந்துகள், மாத்திரைகள், பிளாஸ்டிக் சாமான்கள், இயந்திர உறுப்புகள் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் பல இன்று ஜீடிமெட்லாவில் உள்ளன. மாத்திரைகளைப் பெட்டியிலடுக்கும் பெண்களும், கடைசல் இயந்திரத்தை இயக்குவோரும், பிளாஸ்டிக் அச்சு இயந்திரத்தைக் கவனிப்போரும் தம் வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்ற நிலையிலேயே கழிக்கின்றனர்.

இத்தகைய இடங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரிடம், காலில் செந்நிறமாகவோ நீலநிறமாகவோ படர்ந்துள்ள மெல்லிய கோடுகளைக் காட்டி, “இது என்ன நோய்? பரவுமா? ஊசி போட்டால் மறையுமா?” என்று கேட்போர் உண்டு. இவற்றிற்கு மருத்துவர் சிலந்தி நாளங்கள் என்று பெயர் கூறுவர். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் சிற்சில வேளைகளில் ஆழத்திலுள்ள வேறொரு கோளாற்றின் மேலடையாளமாகவும் விளங்கும். ஆகவே இவற்றை அழகின் பொருட்டு நீக்குவதற்கு முன்னர், இவை எவ்வகையைச் சேர்ந்தவை என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வாறு அறியும் வழியையும், நீக்கும் முறைகளின் பயனையும் எல்லையையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பெயரும் உருவமும்

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். உடலின் பல பாகங்களிலிருந்து இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொணர்பவை சிரைகள். இவ்விரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் தந்துகிகள். பேச்சு வழக்கில் சிரையை நரம்பு என்றே பலரும் கூறுவர். “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்னும் வழக்கும் இதனாலேயே உண்டாயிற்று. உண்மையில் நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்தும் இழை. அதில் இரத்தம் ஓடுவதில்லை. எனவே சிலந்தி நாளத்தை நரம்புத் தளர்ச்சி என்று எண்ணி, அதற்கெனச் சத்து மருந்து வாங்கி உண்பது வீண் செலவாகும்.

தோலின் மேற்பகுதியில் நிலையாக விரிந்துவிட்ட மிகச் சிறு சிரைகளும் தந்துகிகளுமே சிலந்தி நாளங்கள். இவற்றின் அகலம் 1 மில்லிமீட்டருக்குக் குறைவு. சிலந்தியின் கால்களைப் போலவும், மரத்தின் கிளைகளைப் போலவும், சில வேளைகளில் தனிக் கோடுகளாகவும் இவை தோன்றும். இவற்றிற்குச் சற்று ஆழத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள நீலநிறச் சிரைகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். அவற்றை வலைச் சிரைகள் எனலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து, நிற்கும்போது கயிறுபோல் புடைத்து நெளிந்து காணப்படுபவை சுருள் சிரைகள். மக்கள் நரம்பு சுருட்டல் என்று குறிப்பிடுவது இதனையே. மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுடையவை, ஆயினும் ஒன்றல்ல.

2. இரத்தம் மேலேறும் வழி

நாம் நிற்கும்போது காலிலுள்ள இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறவேண்டியுள்ளது. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உதவுகின்றன. முதலாவது, கெண்டைக்கால் தசை. நடக்கும்போது இத்தசை சுருங்கி, தன்னிடையே உள்ள ஆழச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டாவது, சிரைகளின் உட்புறத்தே இடையிடையே அமைந்துள்ள வால்வுகள். இவை மேலே செல்லும் இரத்தத்திற்கு வழிவிட்டு, கீழே இறங்க முற்படும் இரத்தத்தை மூடித் தடுக்கின்றன.

நிற்கும்போது கணுக்காலில் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்பதை எளிய கணக்கினால் அறியலாம். இதயத்திற்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள உயரம் 120 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. எனவே இவ்விரத்தத் தூணுக்குச் சமமான பாதரசத் தூணின் உயரம் 120 × 1.06 ÷ 13.6 = 9.35 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 94 மில்லிமீட்டர். அசையாது நிற்பவரின் கணுக்காற் சிரையில் அளந்து பார்க்கும்போதும் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை அழுத்தம் காணப்படுகிறது. அவரே நடக்கத் தொடங்கினால், வால்வுகள் நன்னிலையில் இருக்குமாயின், அது 20 அல்லது 30 மில்லிமீட்டராக இறங்கிவிடுகிறது.

இக்கணக்கு புலப்படுத்தும் உண்மை முக்கியமானது. காலுக்குச் சுமையாவது வெறும் உழைப்பு அன்று, அசைவின்றி நிற்பதே. எட்டு மணி நேரம் வயலில் நடந்து வேலை செய்பவருக்கும், எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்று பெட்டியடுக்குபவருக்கும் களைப்பு ஒன்றாக இருக்கலாம். சிரைகளின் மேல் விழும் அழுத்தம் ஒன்றன்று.

வால்வு பழுதுற்றால், மேலேறிய இரத்தம் மீண்டும் கீழே வழிகிறது. நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. மெல்லிய சுவருடைய மேற்சிரைகள் நாளடைவில் விரிகின்றன. விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற்போகவே, பழுது மேலும் வளர்கிறது.

3. வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

சிரை வால்வுகளை ஃபேப்ரீஷியஸ் என்னும் இத்தாலிய உடற்கூற்று நூலார் 1603-ஆம் ஆண்டில் விவரித்தார். அவரிடம் பயின்ற ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, அவ்வால்வுகளின் பயனை உணர்ந்து, இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். அவர் செய்து காட்டிய சோதனைக்கு ஒரு துணித்துண்டே போதும்.

முதற் சோதனை: மாணவர் ஒருவரின் முழங்கைக்கு மேலே துணியை மிதமாகக் கட்டுக. கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி நீட்டச் செய்தால் முன்கைச் சிரைகள் புடைத்து, ஆங்காங்கே கணுப்போன்ற சிறு மேடுகள் தெரியும். அவையே வால்வு உள்ள இடங்கள். ஒரு கணுவுக்குக் கீழே, மணிக்கட்டின் பக்கமாக, ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து அக்கணுவுக்கு அப்பால் வரை இரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிடுக. மேல் விரலை எடுத்த பின்னும் இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலுள்ள இரத்தம் வால்வைக் கடந்து இறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் அப்பகுதி நிரம்பிவிடும். கட்டினை இரண்டு நிமிடங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது.

இரண்டாஞ் சோதனை: 120 சென்டிமீட்டர் நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில், மெல்லிய இரப்பர்க் கையுறையிலிருந்து வெட்டிய விரற்பகுதியை நூலால் இறுகக் கட்டுக. சாயம் கலந்த நீரைக் குழாயில் நிரப்பி, முதலில் மேசைமேல் கிடத்துக. பின்னர், இரப்பர் முனை கீழே இருக்குமாறு, ஒரு தொட்டியின் மேல் நிமிர்த்திப் பிடிக்க. கிடந்தபோது தளர்ந்திருந்த இரப்பர், நிமிர்த்தியபோது புடைத்து விரிவதைக் காணலாம். காலை உயர்த்திப் படுத்தால் வலி தணிவதன் காரணம் மாணவருக்கு இதனால் விளங்கும்.

4. தோன்றுவதற்குரிய காரணங்கள்

சிலந்தி நாளம் தோன்றுவதற்கு ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் கூற இயலாது. பல காரணங்கள் சேர்ந்து இயங்குகின்றன.

பரம்பரை: தாய் தந்தையர்க்கு இருந்தால் மக்களுக்கும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. சிரைச் சுவரின் வலிமையும் வால்வுகளின் அமைப்பும் பெருமளவு பிறப்பிலேயே அமைந்தவை.

பெண்மைச் சுரப்புகள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய சுரப்புநீர்கள் சிரைச் சுவரைத் தளர்த்தும் இயல்புடையன. கருவுற்ற காலத்தில் இவை மிகுதியாகச் சுரக்கின்றன. உடலின் இரத்த அளவும் ஏறத்தாழ 40 முதல் 50 சதவிகிதம் வரை பெருகுகிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. இக்காலத்தில் தோன்றும் சிலந்தி நாளங்கள் பல, மகப்பேற்றுக்குப் பின் சில திங்களில் தாமே மங்கிவிடும்.

வயதும் உடற்பருமனும்: வயது ஏற ஏறச் சிரைச் சுவரின் மீள்தன்மை குறைகிறது. உடல் எடை மிகுதல் வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்டி, கால் இரத்தம் மேலேறுவதைத் தடை செய்கிறது.

காயமும் பழைய உறைவும்: அடிபட்ட இடத்திலும், முன்னர் ஆழச் சிரையில் இரத்தம் உறைந்த காலிலும் இவை தோன்றுவதுண்டு.

கால்மேல் கால் போட்டு அமர்வதால் இவை உண்டாகும் என்பது பரவலான நம்பிக்கை; அதற்கு உறுதியான சான்று இல்லை.

இக்குறை எவ்வளவு பொதுவானது என்பதையும் அறிதல் நன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரையுள்ள 1,566 பேரைப் பரிசோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 80 சதவிகிதத்திற்கு மேற்பட்டோரிடம் சிலந்தி நாளங்களோ வலைச் சிரைகளோ சிறு அளவிலேனும் காணப்பட்டன. மேலும், பெருஞ்சிரைகள் சுருள்வது பெண்களில் 32 சதவிகிதமாகவும் ஆண்களில் 40 சதவிகிதமாகவும் இருந்தது. இது பெண்களுக்கே உரிய நோய் என்னும் எண்ணம் இதனால் தவறாகிறது. பெண்கள் மருத்துவரை நாடுகின்றனர். ஆண்கள் வேட்டியாலும் காற்சட்டையாலும் மறைத்துக்கொண்டு வாளாவிருக்கின்றனர் என்பதே பெரும்பாலும் உண்மை.

நம் நாட்டில், ரெயில்வே மருத்துவராகிய மல்ஹோத்ரா என்பவர் தென்னிந்திய, வடஇந்திய ரெயில்வேத் தொழிலாளரை ஒப்பிட்டு 1972-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். சுருள் சிரைகள் தென்னிந்தியரிடம் ஏறக்குறைய 25 சதவிகிதமும், வடஇந்தியரிடம் ஏறக்குறைய 7 சதவிகிதமும் காணப்பட்டன. உணவில் நார்ப்பொருளின் வேறுபாடே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். அக்கருத்து ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும், ஒரே வகைத் தொழில் செய்வோரிடையிலும் வேறு காரணங்கள் உண்டு என்பதை அவ்வாய்வு நினைவூட்டுகிறது.

5. நின்று செய்யும் வேலையும் சட்டமும்

நீடித்து நிற்பதற்கும் சுருள் சிரைகளுக்கும் உள்ள தொடர்பு டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டது. வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கேனும் நின்றோ நடந்தோ பணியாற்றியவர்கள், சுருள் சிரைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 1.8 மடங்கு என்று 2005-இல் வெளியான அவ்வாய்வு தெரிவிக்கிறது. தோலின் மேலுள்ள சிலந்தி நாளங்களைப் பொறுத்தவரை இத்தகைய தெளிவான கணக்கு இல்லை. நிற்பதுதான் சிலந்தி நாளத்தை உண்டாக்கிற்று என்று ஒரு தொழிலாளியிடம் உறுதியாகக் கூறுதல் தகாது. நிற்பது சிரைகளின் சுமையைக் கூட்டும் என்று கூறுவது தகும்.

இதற்குப் பரிகாரம் நம் சட்டத்திலேயே உள்ளது. நின்று வேலை செய்யவேண்டியுள்ள தொழிலாளர் அனைவருக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்து ஓய்வு கொள்வதற்குரிய இருக்கை வசதி செய்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டமும் இவ்வசதியை வேண்டுகிறது.

கடைகளிலும் துணி நிலையங்களிலும் பணியாற்றுவோர் நிலை நெடுங்காலம் வேறாக இருந்தது. கேரளத்தின் கோழிக்கோட்டில் பி. விஜி என்னும் பெண்மணி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பு, துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தொடர்ந்து வாதாடியது. அதன் பயனாக 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கிற்று. தமிழ்நாடு அரசும் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் அவ்வாறே திருத்தியது. காலிலுள்ள சிரைகளுக்காக ஊசியும் ஒளிக்கதிரும் தேடுவதற்கு முன்னர், ஓர் இருக்கை கிடைத்திருக்கிறதா என்று கேட்பதே களப்பணியாளரின் முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

6. அழகுக் குறையா, நோயின் அறிகுறியா?

சிரைக் கோளாறுகளை மருத்துவர் உலகெங்கும் ஒரே வகையில் நிலைப்படுத்துகின்றனர். 1994-இல் வகுக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பெற்ற அம்முறை வருமாறு:

நிலை 0: கண்ணால் காணத்தக்க குறை எதுவுமில்லை.
நிலை 1: சிலந்தி நாளங்கள் அல்லது வலைச் சிரைகள்.
நிலை 2: சுருள் சிரைகள்.
நிலை 3: கால் வீக்கம்.
நிலை 4: கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்தல், அரிப்பு, தடித்து இறுகுதல்.
நிலை 5: ஆறிய புண்.
நிலை 6: ஆறாத புண்.

நிலை 1-இல் உள்ள ஒருவர் படிப்படியாக நிலை 6-ஐ அடைந்தே தீர்வார் என்பதன்று. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் முதல் நிலையிலேயே இருப்பர். ஆனால், சிலந்தி நாளத்தோடு கூடப் பின்வரும் குறிகளுள் ஒன்று இருப்பினும் அவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்: நிற்கும்போது புடைக்கும் கயிறுபோன்ற சிரை, மாலையில் கால் வீங்கிக் காலையில் வடிதல், கால் கனத்து வலித்தல், கணுக்காலின் உட்புறத்தில் சிலந்தி நாளங்கள் விசிறிபோல் நெருங்கிப் படர்தல், அவ்விடத்தில் தோல் கறுத்தல், புண். கணுக்காலில் காணும் விசிறி வடிவம் ஆழத்து வால்வுப் பழுதைக் காட்டலாம் என்பதை ஊழியர் சிறப்பாக நினைவிற் கொள்க.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ஆழச் சிரையில் இரத்தம் உறைந்ததாகலாம். அன்றைய தினமே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அத்தகைய காலைப் பிடித்துவிடுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் ஆகா. உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே தீங்கு செய்யக்கூடும்.

காலில் அல்லாது வேறிடத்தில் தோன்றும் இரண்டு வகைகளையும் பிரித்தறிய வேண்டும். முகம், கழுத்து, மார்பு, கைகளில், நடுவே ஒரு செம்புள்ளியும் அதிலிருந்து கதிர்போல் பிரியும் கோடுகளும் உள்ள சிலந்தி மரு ஒன்றுண்டு. இதன் நடுப்புள்ளி ஒரு சிறு தமனி. அதனை அழுத்தினால் கோடுகள் மறையும்; விட்டவுடன் நடுவிலிருந்து வெளிநோக்கி நிரம்பும். ஓரிரண்டு இருப்பின் கவலையில்லை. குழந்தைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் இயல்பாகவே காணப்படும். ஆனால் மது அருந்துபவரிடமோ, மஞ்சள் காமாலை கண்டவரிடமோ பல சேர்ந்து தோன்றுமாயின், கல்லீரலைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. இதனை அழகு நிலையத்தில் எரித்து மறைப்பது, மணியடிக்கும் எச்சரிக்கையை நிறுத்திவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, முகத்தில் தோன்றும் மெல்லிய செங்கோடுகள். நிறம் வெளுக்க வேண்டுமென்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் திங்கட்கணக்கில் பூசுவோரிடம் தோல் மெலிந்து இவை வெளிப்படுகின்றன. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதனைக் குறித்துப் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தனர். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வகையில் முதற் சிகிச்சை, மருத்துவரின் மேற்பார்வையில் அக்களிம்பை விடுவதேயாகும்.

7. நீக்கும் முறைகள்

ஆராய்ந்த பின், குறை தோலின் மேலளவே என்று தெரிந்தால், சிகிச்சை செய்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆழத்தில் வால்வுப் பழுது இருக்குமென்று ஐயமெழுந்தால், ‘டாப்ளர்’ எனப்படும் கேளா ஒலிப் பரிசோதனையால் இரத்தம் பின்னோக்கி வழிகிறதா என்று காணலாம். பழுதுற்ற பெருஞ்சிரையை முதலிற் சரிசெய்தல் வேண்டும். அதனை விடுத்து மேலுள்ள கோடுகளை மட்டும் நீக்குதல், கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது. கறை மீண்டும் தோன்றும்.

(அ) ஊசி மருந்து முறை: காலிலுள்ள சிலந்தி நாளங்களுக்கு முதன்மையான முறை இதுவே. மிக நுண்ணிய ஊசியால் நாளத்தினுள் ஒரு மருந்து செலுத்தப்படுகிறது. அது நாளத்தின் உட்சுவரைப் புண்படுத்துகிறது; சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன; நாளம் நார்த்தன்மையடைந்து, உடலால் மெல்ல மெல்ல உறிஞ்சப்படுகிறது. இதற்குப் பயன்படும் மருந்துகளுள் சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் 1940-களிலிருந்து வழக்கிலுள்ளது. பாலிடோகனால் என்னும் மருந்து 1930-களில் மரமரப்பு மருந்தாகவே ஆக்கப்பட்டது. பின்னரே அதன் இப்பயன் அறியப்பட்டது. சிலந்தி நாளங்களுக்கும் வலைச் சிரைகளுக்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2010-இல் ஒப்புதல் அளித்தது. இத்தாலிய மருத்துவர் டெஸ்ஸாரி, இரண்டு ஊசிக்குழல்களுக்கிடையே மருந்தையும் காற்றையும் மாறி மாறித் தள்ளி நுரையாக்கும் எளிய முறையை 2000-இல் வெளியிட்டார். நுரை இரத்தத்தை விலக்கிச் சுவரை நன்கு தொடுவதால், பெரிய சிரைகளுக்கு அது ஏற்றது.

ஒரு முறை ஊசி போட்டவுடன் கோடுகள் மறைந்துவிடா. சில வாரங்களில் மெல்ல மங்கும். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படுவது இயல்பு. ஊசி போட்டவுடன் படுத்துவிடாது சிறிது நேரம் நடக்க வேண்டும். மருத்துவர் கூறும் நாட்கள் வரை அழுத்தக் காலுறை அணிதல் வேண்டும். அவ்விடத்தில் பழுப்புத் தழும்பு தோன்றுவதுண்டு. மாநிறமும் கருநிறமும் உடைய நம் மக்களிடம் இது கண்ணுக்கு நன்கு தெரியும். பெரும்பாலும் ஆறு திங்கள் முதல் ஓராண்டுக்குள் மங்கும். சிலருக்குச் சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றிப் புதிய நுண்கோடுகள் செம்பாய்போல் படரலாம். மருந்து நாளத்திற்கு வெளியே கசிந்தால் புண் உண்டாகும். ஒவ்வாமையும், ஆழச் சிரையில் உறைவும் மிக அரிதாக நேரும். ஆதலின், அவசரத்திற்கு வேண்டிய கருவிகளும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இல்லாத இடத்தில் இதனைச் செய்துகொள்ளலாகாது.

(ஆ) லேசர் முறை: இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சிச் சூடேறுகிறது, அச்சூட்டினால் நாளம் மூடிக்கொள்கிறது. ஊசி நுழையாத அளவு நுண்ணிய நாளங்களுக்கும், முகத்திலுள்ள கோடுகளுக்கும், ஊசி மருந்து ஒவ்வாதவருக்கும் இது பயன்படும். ஆனால் தோலின் கருமைப் பொருளும் அவ்வொளியை உறிஞ்சும் என்பதை மறத்தலாகாது. கருநிறத் தோலில் 532, 595 நானோமீட்டர் ஒளி, தோலைச் சுட்டுத் தழும்போ வெண்புள்ளியோ உண்டாக்கும் அபாயம் மிகுதி. 1064 நானோமீட்டர் ஒளி ஒப்பு நோக்கில் பாதுகாப்பானது. வெளுத்த தோலுக்குக் குறித்த அளவை நம் தோலுக்கு அப்படியே கையாளுதல் கூடாது.

(இ) அழுத்தக் காலுறை: கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தும் இக்காலுறை, கனத்தையும் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். தோன்றிவிட்ட சிலந்தி நாளத்தை இது அழிக்காது. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் அணிந்து இரவில் கழற்றுதல் வேண்டும். நடந்தால் கெண்டைக்காலில் வலி கண்டு நின்றால் தணிபவர்களும், நெடுங்காலம் புகைபிடிப்போரும், நீரிழிவு உடையோரும் தமனியடைப்பு இல்லையென்று மருத்துவர் பார்த்துக் கூறிய பின்னரே இதனை அணியலாம்.

(ஈ) பயனற்றவை: தோலின் மேல் பூசும் எண்ணெயோ களிம்போ விரிந்த நாளத்தைச் சுருக்கியதாகச் சான்று இல்லை. ‘ஒரே நாளில் மறையும்’, ‘மீண்டும் வாரா’ என்னும் விளம்பரங்களை நம்புதல் ஆகாது. மூடிய நாளம் திரும்பாவிடினும், உடலின் இயல்பு மாறாததால் வேறிடத்தில் புதியவை தோன்றலாம்.

கருவுற்றிருக்கும்போதும், பாலூட்டும்போதும் அழகுக்கான இச்சிகிச்சைகளை ஒத்திவைத்தல் முறை. அழகுக்கென்றே செய்யும் சிகிச்சையின் செலவைக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் வலி, வீக்கம், தோல் மாற்றம், புண் ஆகியவை நோயாகும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952-இல் தொடங்கப்பெற்ற ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்துள்ள தொழிலாளர், தம் சிகிச்சைச் சாலை வழியாக இவற்றிற்குரிய மருத்துவம் பெறலாம். ஜீடிமெட்லாத் தொழிலாளர்க்கு அண்மையில் சனத்நகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது, பஞ்சகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் இரத்தக்குழாய் அறுவைப் பிரிவும் உண்டு.

8. இரு எடுத்துக்காட்டுகள்

பயிற்சியின் பொருட்டு இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர், மாத்திரை அடுக்கும் வேலை செய்யும் 28 வயதுப் பெண். தொடையின் வெளிப்புறத்தில் செங்கோடுகள், வலியில்லை, வீக்கமில்லை. திருமணத்திற்குமுன் நீக்கிவிட வேண்டுமென்று கடன் வாங்க எண்ணுகிறார். இவரிடம் இது நோயன்று, பரவும் தொற்றன்று, மகப்பேற்றைப் பாதிப்பதன்று என்று கூறுக. விரும்பினால் தோல் மருத்துவரைக் காணலாம், அவசரமில்லை, கடன்பட வேண்டியதுமில்லை.

இரண்டாமவர், 45 வயதுக் கடைசல் தொழிலாளி. கணுக்காலைச் சுற்றி நீலக்கோடுகள். தோல் கறுத்து அரிக்கிறது. “வேலை செய்யும் காலுக்கு இது சகஜம்” என்று பத்தாண்டுகளாகச் சும்மா இருக்கிறார். இவருக்கே அவசரம். இவரை இவ்வாரமே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும், புண் உண்டாகிவிட்டால் ஆறுவதற்குத் திங்கள் பல ஆகும், வேலையிழப்பும் வரும். கவலைப்படுபவருக்கு நோயில்லை, நோயுள்ளவருக்குக் கவலையில்லை என்னும் இம்முரண்பாட்டைத் திருத்துவதே களப்பணியாளரின் கடமை.

9. ஊழியரும் ஆசிரியரும் கூறத்தக்க அறிவுரைகள்

ஒரே இடத்தில் நிற்பவர், அரை மணிக்கு ஒரு முறையேனும் பத்துப் பதினைந்து தடவை குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. இயன்றால் சில அடிகள் நடக்க. உணவு இடைவேளையில் அமர்ந்து காலைச் சற்று உயர்த்தி வைக்க. இரவில் காலடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கும் கட்டுகளைத் தவிர்க்க. நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பதும், உடல் எடையை அளவில் வைப்பதும் நன்று.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால், நோயாளியை உடனே படுக்கவைத்துக் காலை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்துக. தூய துணியால் அவ்விடத்தைப் பத்து நிமிடங்கள் விடாது அழுத்திப் பிடிக்க. பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நிற்கவைத்தலும், நாற்காலியில் அமர்த்திக் காலைத் தொங்கவிடுதலும் கூடா. இதனை அறியாமையால் உயிரிழந்தோரும் உண்டு.

ஆசிரியர்களும் நாள் முழுதும் நிற்பவர்களே. கரும்பலகையருகே அசையாது நிற்பதை விடுத்து, வகுப்பினுள் உலவிக்கொண்டே பாடம் நடத்துதல் மாணவர்க்கும் நன்று. ஆசிரியரின் காலுக்கும் நன்று.

மீள்பார்வை வினாக்கள்

1. சிலந்தி நாளம், வலைச் சிரை, சுருள் சிரை ஆகியவற்றை அகலத்தால் வேறுபடுத்துக.
2. இதயத்திலிருந்து கணுக்காலின் ஆழம் 110 சென்டிமீட்டர் ஆயின், நிற்கும்போது அங்குள்ள அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் கணக்கிடுக.
3. நடப்பவரைவிட அசையாது நிற்பவரின் காற்சிரைக்குச் சுமை மிகுதி. ஏன்?
4. சிலந்தி நாளம் உடைய ஒருவரை மருத்துவரிடம் அனுப்பவேண்டிய குறிகள் யாவை?
5. கருநிறத் தோலுக்கு லேசர் சிகிச்சை செய்வதில் மேற்கொள்ளவேண்டிய எச்சரிக்கை யாது?
6. உங்கள் பகுதியிலுள்ள ஆலை அல்லது கடை ஒன்றிற்குச் சென்று, நின்று பணியாற்றுவோர் எத்தனை பேர், அவர்களுக்குரிய இருக்கைகள் எத்தனை என்று எண்ணிக் குறித்து வருக.